பாலைவனப் போரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: லோங்கேவாலா முதல் நசிரியா வரை

1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் லோங்கேவாலா எல்லைச் சாவடியைக் காத்து நின்றது பஞ்சாப் ரெஜிமெண்டின் 23-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த ஒரே ஒரு கம்பெனி. ஆள்பலம் ஏறக்குறைய 120. தலைமை தாங்கியவர் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. எல்லை தாண்டி வந்த பாகிஸ்தான் படையிடம் 40-க்கும் மேற்பட்ட டாங்கிகளும் 2000 பேர் அளவுக்குக் காலாட்படையும் இருந்தன. விடிவதற்குள் முடிந்திருக்க வேண்டிய சண்டை அது.

முடியவில்லை. பாதையை விட்டு விலகிய டாங்கிகள் இளமணலில் புதைந்தன. சாவடியைச் சுற்றியிருந்த முட்கம்பி வேலியைப் பார்த்ததும் உள்ளே கண்ணிவெடி வயல் இருக்கிறது என்று தாக்க வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வெடி அகற்றும் பொறியாளர்கள் முன்னால் வரும்வரை படை காத்திருந்தது. அங்கே கண்ணிவெடி வயல் எதுவும் இல்லை. வீணாகப் போன அந்த நேரம்தான் விலை உயர்ந்தது. ஜெய்சல்மேர் விமானத்தளத்தில் இருந்த ஹண்டர் விமானங்களால் இரவில் சண்டையிட முடியாது. கிழக்கு வெளுத்ததும் கிளம்பிவிட்டன. பாகிஸ்தான் படைக்கு வான்காப்பு இல்லை. ஒளிய மரமில்லை, பள்ளத்தாக்கில்லை. குண்டுக்குத் தப்பிக்க டாங்கிகள் வளைந்து வளைந்து ஓடிய தடங்கள், வானிலிருந்து எடுத்த படங்களில் சிக்குக் கோலம் போலத் தெரிகின்றன. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகள் அழிந்தன அல்லது கைவிடப்பட்டன. இந்தியத் தரப்பில் சாவடியில் இறந்தவர்கள் இருவர்.

நம் நாட்டில் இது வீரக் கதையாகவே சொல்லப்படுகிறது. வீரம் இருந்தது, ஐயமில்லை. ஆனால் வந்தவர்கள் செய்த தவறுகளைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தால், அவை லோங்கேவாலாவுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது புரியும். தரையைப் பார்த்து வராதது, வான்காப்பின்றி வெட்டவெளியில் இறங்கியது, இருட்டிலேயே வேலை முடிந்துவிடும் என்று நம்பியது எல்லாம் வேறு வேறு நாடுகளின் கொடிகளுக்குக் கீழே, வேறு வேறு பாலைவனங்களில் திரும்பவும் நடந்திருக்கின்றன. பாலைவனத்தில் ஒன்றுமே இல்லை, ஆகவே தடையும் இல்லை என்ற எண்ணம்தான் இவற்றுக்கெல்லாம் வேர்.

முதலில் 'பாலைவனம்' என்றதும் மனத்தில் வரும் மணல்மேட்டுக் காட்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். சஹாராவில் மணற்பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் சரளை, பாறைத் திட்டு, காய்ந்த உப்பளம், வறண்ட ஆற்றுப் படுகை. சரளையில் பறக்கும் வண்டி, உப்பளத்தின் மேலோடு உடைந்தால் அச்சுவரை சேற்றில் இறங்கிவிடும். ஒரே நாளில் இத்தனை தரைகளையும் கடக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் புறப்படுகிறவர்கள் குறைவு.

புழுதியைச் சில்லறைத் தொல்லையாக நினைப்பது

2001-இல் ஓமன் பாலைவனத்தில் பிரிட்டன் ஒரு பெரிய போர்ப்பயிற்சி நடத்தியது. அதில் 66 சேலஞ்சர்-2 டாங்கிகள் கலந்துகொண்டன. செலவை மிச்சப்படுத்த, பாலைவனத்துக்கான மாற்றங்கள் எதுவும் செய்யாமலேயே அவற்றை அனுப்பினார்கள். ஐரோப்பாவின் ஈரமண்ணில் பல நாள் தாங்கக்கூடிய காற்று வடிகட்டிகள் ஓமனில் சில மணி நேரத்திலேயே அடைத்துக்கொண்டன. பல டன் எஃகு மூச்சு முட்டி நின்றது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே டாங்கிகள் இராக் போருக்குப் போக வேண்டி வந்தபோது, நல்ல வடிகட்டிகளும் புழுதித் தடுப்புப் பாவாடைகளும் அவசரமாகப் பொருத்தப்பட்டன. ஓமனில் பட்டது ஒரு வகையில் மலிவான பாடம். அங்கே எதிரி சுடவில்லை.

அமெரிக்கர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1980 ஏப்ரல் 24 இரவு, டெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த தூதரக ஊழியர்களை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் நிமிட்ஸ் கப்பலிலிருந்து கிளம்பின. குறைந்தது ஆறு தேவை. வழியில் காற்றோடு கலந்து மிதந்த நுண்புழுதி மேகம் குறுக்கிட்டது. அந்தப் பகுதியில் அப்படி ஒன்று வரக்கூடும் என்பது வானிலை வல்லுநர்களுக்குத் தெரியும். ரகசியம் காக்கும் ஆர்வத்தில் விமானிகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஹெலிகாப்டர் இறக்கைக் கோளாறால் வழியிலேயே கைவிடப்பட்டது. இன்னொன்று புழுதியில் திணறித் திரும்பிவிட்டது. மூன்றாவது, ஈரான் பாலைவனத்தில் குறித்திருந்த இறங்குமிடத்துக்கு வந்த பிறகு ஹைட்ராலிக் பழுதில் முடங்கியது. மிஞ்சியவை ஐந்து. திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர், தான் கிளப்பிய புழுதியிலேயே திசை தெரியாமல், அங்கே நின்றிருந்த தன் தரப்பு விமானம் ஒன்றில் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். ஈரானியர்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

துப்பாக்கிக்கும் இதே கதைதான், சின்ன அளவில். மணல் என்றதும் நிறைய எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்த்துப் பிறகு இறுகிவிடும். எண்ணெயைப் பேருக்குத் தடவி, அடிக்கடி துடைத்து, குழல் முனையை மூடி வைப்பதே வழக்கம் அறிந்தவர்களின் முறை.

தூக்கத்தை மறந்த அணிவகுப்பு

இந்தத் தவறுகள் எப்படிச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும் என்பதற்கு இராக்கின் நசிரியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2003 மார்ச்சில் அமெரிக்கப் படை குவைத்திலிருந்து பாக்தாத் நோக்கி விரைந்தது. பின்னால் வந்தது 507-ஆவது பராமரிப்பு கம்பெனி. சண்டை போடுகிறவர்கள் அல்ல. வண்டி பழுது பார்ப்பவர்களும் பண்டகசாலைக்காரர்களும் சமையல்காரர்களும். அவர்களுடைய கனரக லாரிகள் மணலில் புதைந்தன, பழுதாயின. இழுத்து விடுவதற்குள் முன்னால் போன அணி தொலைவுக்குப் போய்விட்டது. எட்டிப் பிடிக்க இரண்டு நாளுக்கு மேல் ஏறக்குறைய ஓய்வின்றி ஓட்டினார்கள். மார்ச் 23 விடியலில், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் 18 வண்டிகளும் 33 வீரர்களும் நேரே நசிரியா நகருக்குள் போனார்கள். தவறு புரிந்து அந்த நீள லாரிகளைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் சுற்றிலும் துப்பாக்கிகள். திருப்பிச் சுடப் போனால் பலருடைய துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. 11 பேர் இறந்தார்கள், சிலர் சிறைப்பட்டார்கள்.

வழி தவறியதை மட்டும் பிடித்துக்கொண்டு அதிகாரியைக் குறை சொல்வது எளிது. அதற்கு முன்னால் மணல் இருந்தது, தாமதம் இருந்தது, தூக்கமின்மை இருந்தது. முன்னணிப் படையின் வேகத்தைப் பின்னால் வரும் லாரிக்காரனுக்கும் விதித்ததுதான் ஆரம்பத் தவறு. புதைந்தவர்களை எடுத்துவிட ஆளும் நேரமும் ஒதுக்காத திட்டம், காகிதத்தில் மட்டுமே வேகமானது.

தடத்தைப் பின்பற்றலாமா, கூடாதா?

இளமணலில் வண்டி ஓட்டுவது ஒரு கலை. அதைப் போர்க்கலையாக மாற்றியவர் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. 1920-களின் கடைசியிலிருந்து ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். 1940-இல் எகிப்தில் நெடுந்தூரப் பாலைவனக் குழுவை அமைத்தார். அவர் கற்றுத் தந்தவை பார்வைக்கு அற்பமானவை. மணல் வந்தால் டயரில் காற்றைக் குறை; சக்கரம் அகன்று மிதக்கும். புதைந்தால் ஆக்ஸிலேட்டரை அழுத்தாதே. அழுத்தினால் உனக்கு நீயே குழி தோண்டுகிறாய். சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு செருகு. ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் ஆவியைக் குடுவையில் பிடித்துக் குளிர வைத்துத் திருப்பிவிடு. காந்தத் திசைகாட்டியை வண்டியின் இரும்பு ஏமாற்றும். சூரியனின் நிழலைக் கொண்டு திசை பார்.

அவருடைய பாடத்தின் ஒரு பகுதி: முன்வண்டியின் தடத்தில் போகாதே. மணலின் மேலோட்டை அது உடைத்துவிட்டிருக்கும். பின்னால் வருகிறவன் புதைவான். ஆனால் கண்ணிவெடி இருக்கக்கூடிய நிலத்தில் விதி நேர்மாறு: முன்வண்டியின் தடத்தை ஒரு சாண் கூட விலகாதே. இரண்டும் சரிதான். எந்த நிலத்தில் எது என்பதை ஓட்டுநருக்குக் கிளம்பும் முன்பே சொல்லாமல் விடுவதுதான் தவறு. எகிப்தின் எல் அலமைனில் இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் புதைத்த லட்சக்கணக்கான கண்ணிவெடிகளில் மிச்சம் இருப்பவை இன்றும் அங்கேயுள்ள மேய்ப்பர்களைக் கொல்கின்றன. அவர்களுக்கு முன்தடமும் இல்லை, வரைபடமும் இல்லை.

தண்ணீர்: குறைத்தாலும் தவறு, கொட்டினாலும் தவறு

பழைய காலத்துத் தளபதிகளிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. வீரனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாகத்துக்குப் பழக்கினால் குறைந்த தண்ணீரில் வாழக் கற்றுக்கொள்வான் என்று. உடம்பு அப்படிக் கற்றுக்கொள்வதில்லை. வெயிலுக்குப் பழகலாம், அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு இன்னும் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். அதாவது தண்ணீர்த் தேவை கூடும், குறையாது. கடுமையாக உழைக்கும் வீரன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். வறண்ட காற்று அதை உடனே உறிஞ்சிவிடுவதால் சட்டைகூட நனையாது. தாகம் எப்போதும் தாமதமாகவே வரும்.

இதைப் புரிந்துகொண்ட படைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன. தலை சுற்றுகிறதா, தண்ணீர் குடி. வாந்தியா, இன்னும் குடி. உணவு இல்லாமல் வெறும் தண்ணீரை மேலும் மேலும் ஏற்றினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கும், உயிரும் போகும். அறிகுறிகள் வெப்பத்தாக்கைப் போலவே இருப்பதுதான் கொடுமை. 1998-இல் அமெரிக்க ராணுவம் தன் விதியைத் திருத்தி, மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர், நாளுக்கு 11 லிட்டர் என்று மேல்வரம்பு வைத்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிற வீரனுக்கு உப்பு சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும்.

குளிரையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, இராக்கின் மேற்குப் பாலைவனத்தில் எட்டுப் பேர் கொண்ட பிரிட்டிஷ் சிறப்புப் படைக் குழு ஒன்று வண்டி வேண்டாம் என்று நடந்தே போனது. மழையும் பனியும் பிடித்துக்கொண்டன. இறந்த மூவரில் இருவரைக் கொன்றது குளிர்தான்.

ஒளிந்துகொண்டதாக நினைப்பது

அதே போரில் இராக்கிய டாங்கிகள் மணலுக்குள் கழுத்துவரை புதைந்து நின்றன. பகலில் மேலிருந்து பார்த்தால் கண்டுபிடிப்பது கடினம். சூரியன் மறைந்ததும் மணல் சட்டென்று குளிர்ந்துவிடும்; எஃகு சூட்டை மெதுவாகத்தான் விடும். அமெரிக்காவின் எஃப்-111 விமானங்களின் அகச்சிவப்புக் கருவியில் ஒவ்வொரு டாங்கியும் இருட்டில் வைத்த அகல் போலத் தெரிந்தது. எண்ணி எண்ணி உடைத்தார்கள்.

நிறத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மணல் மஞ்சள்தானே என்று மஞ்சள் பூசினால் எப்போதும் சரிவராது. விடியலிலும் அந்தியிலும் பாலைவனத்துக்கு இளஞ்சிவப்புச் சாயல் வரும். பிரிட்டிஷ் சிறப்புப் படை தன் லேண்ட் ரோவர்களுக்கு ரோஜா நிறமே பூசியது. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் இதெல்லாம் நின்றிருக்கும் வண்டிக்குத்தான். ஓடும் வண்டியின் பின்னால் எழும் புழுதி வால் பல கிலோமீட்டருக்குத் தெரியும். அதற்கு எந்தப் பெயின்ட்டும் உதவாது.

தகர டின்னும் பெரிய தளபதியும்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் படையை நடத்திய ரோமல் பெரிய தந்திரசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். 1942 கோடையில் அவர் அலெக்ஸாந்திரியாவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அருகில், எல் அலமைனில் நின்றார். அவருடைய பெரிய துறைமுகமான லிபியாவின் திரிப்போலியோ 2000 கிலோமீட்டர் அளவுக்குப் பின்னால். அங்கிருந்து பெட்ரோல் ஏற்றி வரும் லாரி, வழியிலேயே தன் பங்கைக் குடித்துவிடும்; திரும்பிப் போகவும் குடிக்கும். ஒவ்வொரு வெற்றியும் அந்த வழியை நீட்டியது. ஆகஸ்ட் கடைசியில் ஆலம் ஹால்ஃபாவில் அவர் தாக்குதல் முடங்கியதற்கு எரிபொருள் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

பிரிட்டிஷாருக்கு வேறொரு தலைவலி. அவர்கள் பெட்ரோல் கொண்டு வந்தது மெல்லிய தகர டின்களில். லாரி குலுங்கக் குலுங்க ஓரங்கள் பிரிந்து, பெரும்பங்கு மணலுக்கே போனது. ஜெர்மானியர்களின் 20 லிட்டர் கேன் உறுதியானது, ஒழுகாது, மூன்று கைப்பிடி. பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றைக் கைப்பற்றும்போதெல்லாம் பொக்கிஷம் போலப் பாதுகாத்தார்கள்; பிறகு அப்படியே பார்த்துச் செய்துகொண்டார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர்தான் இன்றும் நாம் சொல்லும் 'ஜெர்ரி கேனில்' இருக்கிறது. ஒழுகிய தகர டின்னும் வீணாகவில்லை: பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்து அதில் தேநீர் போட்டார்கள்.

கனமே பலம் என்று நம்புவது

கடைசியாக, லிபியாவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடான சாட். 1987-இல் அதன் வடபகுதியைப் பிடித்து வைத்திருந்த லிபியாவிடம் நூற்றுக்கணக்கில் சோவியத் டாங்கிகள் இருந்தன. சாட் வீரர்களிடம் டொயோட்டா பிக்கப் வண்டிகளும் பிரான்ஸ் கொடுத்த மிலான் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளும். ஜனவரி 2-இல் ஃபாடாவில் லிபியா 90-க்கும் மேற்பட்ட டாங்கிகளை இழந்ததாகக் கணக்கு. சாட் இழந்தது மூன்று டொயோட்டாக்கள். டாங்கியின் கோபுரம் திரும்புவதற்குள் பிக்கப் வேறு பக்கம் போயிருக்கும். வேகமாகப் போனால் கண்ணிவெடி வெடிக்கும் முன்பே வண்டி கடந்துவிடும் என்றுகூட ஓட்டுநர்கள் நம்பினார்களாம். அதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மார்ச் 22-இல் கண்ணிவெடி வேலிக்குள் இருந்த உவாதி தூம் விமானத்தளமும் வீழ்ந்தது. அங்கே சிறைப்பட்ட லிபியத் தளபதியின் பெயர் கலீஃபா ஹஃப்தார். 2019 ஏப்ரலில், லிபிய உள்நாட்டுப் போரில், தலைநகர் திரிப்போலியைப் பிடிக்க அதே ஹஃப்தார் அனுப்பிய அணிவகுப்புகளில், துப்பாக்கி பொருத்திய பிக்கப் வண்டிகள் வரிசை வரிசையாகப் போயின.