மைதானத்துக்கு மினி டிராக்டர்: வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓட்டினால் வரும் வினை

மணலியில் ஒரு தொழிற்சாலை வளாகம், மாதவரத்தில் ஒரு கல்லூரி, திருவொற்றியூரில் மைதானம் உள்ள ஒரு பள்ளி. இப்படி நாலைந்து ஏக்கர் தரையைப் பராமரிக்கும் இடத்தில் மினி டிராக்டர் வாங்கலாமா என்ற பேச்சு எப்படியும் ஒரு நாள் வரும். டீலர் சொல்வதில் பொய் இல்லை. 20 முதல் 28 ஹெச்பி வண்டி ஒன்று இருந்தால் புல் வெட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், சருகு அள்ளலாம், மணல் பரப்பலாம், புயலில் விழுந்த கிளையை அப்புறப்படுத்தலாம். மஹிந்திரா ஜிவோ, குபோட்டா நியோஸ்டார், ஜான் டீயர் 3028 எதை எடுத்தாலும் பின்னால் பிடிஓ (இன்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டு), மூணு பாயிண்ட் லிங்கேஜ் (கருவியை மாட்டித் தூக்கும் மூன்று கைகள்) இருக்கும். மாட்டும் கருவியைப் பொறுத்து வேலை மாறும்.

ஆனால் நம் ஆட்கள் மாற்றுவது அந்தக் கருவியை மட்டும்தான். டயர் காற்று, பின்பக்க எடை, வெட்டும் உயரம், வண்டியை இறக்கும் நேரம் எல்லாம் வாங்கிய அன்று இருந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். வண்டி பன்னிரண்டு மாதமும் அதே வண்டி. தரை அப்படி இல்லை. வடசென்னையில் அது மாதத்துக்கு மாதம் மட்டுமல்ல, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறையும் மாறுகிறது.

மழை விட்ட மறுநாள்

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். புல் கிடுகிடுவென வளர்வதும் அப்போதுதான். "முழங்கால் உயரத்துக்கு வந்துடுச்சு, வண்டி சும்மாதானே நிக்குது" என்று நிர்வாகத்திலிருந்து போன் வரும். டிரைவர் ஸ்லாஷரை (பிளேடு சுழன்று புல் வெட்டும் கருவி) மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஒரு வருடத்தில் நடக்கும் தவறுகளிலேயே இதுதான் பெரியது என்பேன்.

மாதவரம், மணலி, புழல் பக்கம் பழைய ஏரிப்படுகையும் வயலுமாக இருந்த களிமண் பூமி. ஈரக் களிமேல் ஒரு டன் வண்டி ஏறினால் மண்ணுக்குள் இருக்கும் காற்றிடைவெளி நசுங்கி மூடிக்கொள்ளும். கெடுதலில் பெரும்பங்கு முதல் தடவை சக்கரம் உருளும்போதே நடந்துவிடுகிறது, பத்தாவது தடவையில் அல்ல. அதனால் "ஒரே ஒரு ரவுண்டு" என்ற சமாதானம் செல்லாது. அடுத்த மழையில் அந்தத் தடத்தில் தண்ணீர் நிற்கும், அங்கே அருகம்புல் போய்க் கோரை வரும். தைக்குப் பிறகு பார்த்தால் தடம் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும்.

இறக்கலாமா வேண்டாமா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மூன்று விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக உடையாமல் நீண்டால் வண்டி ஷெட்டிலேயே இருக்கட்டும். திரி விரிசல் விட்டு உதிர்ந்தால் சரி, இறக்கலாம்.

எண்ணூர், திருவொற்றியூர் கடலோரத்தில் கதை தலைகீழ். அது மணல். மழை பெய்த மறுநாள் ஈர மணல் கெட்டியாக வண்டியைத் தாங்கும்; சித்திரையில் காய்ந்து பொலபொலத்த பிறகுதான் சக்கரம் புதைந்து சுழலும். இரண்டு இடத்திலும் வேலை எடுத்திருக்கும் ஒரே கான்ட்ராக்டர் ஒரே அட்டவணை போட்டால், ஒரு இடத்தில் தரை போகும், இன்னொரு இடத்தில் வண்டி மாட்டிக்கொள்ளும்.

காத்திருந்ததால் புல் உயர்ந்துவிட்டதே என்று ஒரே வெட்டில் தரையோடு சிரைப்பது அடுத்த தவறு. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு உயரம், அதற்கு மேல் எடுத்தால் வேர் சோர்ந்துவிடும். பிளேடை மேலே ஏற்றி ஒரு வெட்டு, சில நாள் விட்டு இறக்கி இன்னொரு வெட்டு. டீசல் கொஞ்சம் கூடத்தான் ஆகும்.

டயரும் காற்றும்

டீலர் பெரும்பாலும் வயல் டயர் போட்ட வண்டியைத்தான் கொடுப்பார். அந்தக் கட்டைப் பட்டைகள் சேற்றில் பிடிக்கும். புல்தரையில் திரும்பினால் புல்லைப் பெயர்த்தெடுக்கும். கால்பந்து மைதானம்தான் முக்கிய வேலை என்றால் (வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மைதானம் என்றால் கால்பந்துதான்) புல்தரைக்கென்றே வரும் அகலமான டர்ஃப் டயர் கேட்டு வாங்குங்கள். களிச் சேற்றில் அது வழுக்கும் என்பது உண்மை. ஆனால் சேற்றில் இறங்கப் போவதில்லை என்றுதானே மேலே முடிவு செய்தோம்?

பஞ்சர் கடையில் காற்று அடிக்கச் சொன்னால் கார் டயர் கணக்கில் 30 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார்கள். மினி டிராக்டர் பின்டயருக்கு அது அதிகம்; பெரும்பாலும் 12 முதல் 20க்குள் இருக்கும், சரியான எண் வண்டியின் கையேட்டில் உண்டு. காற்று கூடினால் டயர் தரையைத் தொடும் பரப்பு குறைந்து, அதே எடை சின்ன இடத்தில் அழுந்தும். இன்னொன்று, சீமைக்கருவேல முள். வேலியோரம் ஓட்டும் முன் வெட்டிப் போட்ட கிளையை அள்ளிவிடுங்கள். காய்ந்த முள் டியூபுக்குள் இறங்கினால் காற்று மெதுவாகத்தான் போகும், டிரைவருக்குத் தெரியாது.

ஃபோர் வீல் டிரைவைப் போட்டபடியே பேவர் கல் சாலையில் ஓட்டுவதும் சகஜம். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்று முந்திச் சுழலும்படிதான் இந்த வண்டிகள் அமைக்கப்படுகின்றன. மண்ணில் அது வழுக்கிச் சரியாகிவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாமல் டயரையும் முன் கியரையும் தின்னும். சாலைக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதேபோல் இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் கொக்கியால் சேர்த்துவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும்.

ரொட்டவேட்டர் ஆசை

டிராக்டர் என்றால் ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) என்று நம் மனதில் பதிந்துவிட்டது. உழவுக்கு வாங்குபவருக்கு அது சரி. மைதானத்துக்கு? புதிதாகப் புல் நடும்போது ஒரு முறை வேண்டும். அதற்கு வாடகைக்கு எடுத்தால் போதும். பள்ளி மைதானம் இறுகிவிட்டது என்று வருடா வருடம் ரொட்டவேட்டர் ஓட்டுபவர்கள் உண்டு. மேலே நாலு அங்குலம் மாவாகும். அதன் அடியில் கத்தி தேய்த்துப் போன மட்டத்தில் ஒரு கடினப் பாளம் உருவாகும். மழைத் தண்ணீர் அந்தப் பாளத்தைத் தாண்டி இறங்காது. இறுகிய தரைக்கு வேண்டியது துளை போடும் ஏரேட்டர். குழாய்ப் பற்கள் மண்ணைத் துண்டு துண்டாக எடுத்துப் போட, அந்தத் துளைக்குள் ஆற்று மணலோ எம்-சாண்டோ இழுத்துவிட வேண்டும். மார்கழிக் கடைசி, தை முதல் வாரம் இதற்கு நல்ல நேரம். களி ஈரமும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் இருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி, எண்ணூர் பக்கம் எண்ணெயும் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு படிந்த மண்ணை ரொட்டவேட்டரால் கலக்கிவிட்டால் மேலே இருந்தது வேர் மட்டத்துக்குப் போய்விடும். அதை மேலாகச் சுரண்டித் தனியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

லோடர் ஜேசிபி அல்ல

முன்னால் பக்கெட் மாட்டியதும் வளாகத்தில் உள்ள எல்லோருக்கும் அது ஜேசிபி ஆகிவிடுகிறது. மழைக்கு முன் வடிகால் தூர்வார வேண்டும், பக்கெட்டை மண்ணுக்குள் குத்தித் தோண்டு என்பார்கள். இந்த லோடர் தளர்ந்த பொருளை அள்ளித் தூக்குவதற்கு மட்டுமே. கெட்டி மண்ணைத் தோண்டினால் லோடரின் கை வளையும், முன் ஆக்சில் சீல் போகும். தொழிற்சாலை வளாகத்தில் அடியில் கேபிளும் குழாயும் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எடைக் கணக்கைப் பாருங்கள். ஈர மணல் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 1900 கிலோ. 0.2 கன மீட்டர் பக்கெட் நிறைய அள்ளினால் 380 கிலோ, வண்டிக்கு முன்னால் தொங்குகிறது. பின்னால் எதிர் எடை இல்லையென்றால் பின்சக்கரம் லேசாகிவிடும். பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் என்பதால் பிரேக்கும் பிடிக்காது. லோடர் வேலை என்றால் பின்லிங்கேஜில் எடைப்பெட்டி மாட்டுங்கள், அல்லது பின்டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புங்கள். வேலை முடிந்து புல் வெட்டப் போகும்போது எடைப்பெட்டியைக் கழற்றுங்கள். கழற்றுவதைத்தான் யாரும் செய்வதில்லை. பக்கெட்டை உயர்த்திப் பிடித்தபடி ஓட்டுவதும் கூடாது. முழங்கால் உயரத்துக்கு மேல் போனால் திருப்பத்தில் வண்டி சாயும்.

சித்திரை, டேங்கர்

கோடையில் செடிகளுக்கு ஊற்ற 2000 லிட்டர் டேங்கரை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் மட்டும் 2 டன், இழுக்கும் வண்டி ஒரு டன்னோ அதற்கும் குறைவோ. இழுப்பதில் பிரச்சினை இல்லை, எந்த 24 ஹெச்பி வண்டியும் இழுக்கும். நிறுத்துவதில்தான் இருக்கிறது. பெரும்பாலான டேங்கர் டிரெய்லரில் பிரேக் கிடையாது. சாய்வுப் பாதையில் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும், வண்டி குறுக்கே மடங்கும். இறங்கும் முன்பே லோ கியருக்கு வந்துவிட வேண்டும், இறக்கத்தில் கிளட்சை அமுக்கவே கூடாது. பாதி காலியான டேங்கர் இன்னும் மோசம். உள்ளே தண்ணீர் பக்கவாட்டில் அலைந்து திருப்பத்தில் வண்டியையே ஆட்டும். தடுப்புத் தகடு உள்ள டேங்கரா என்று வாங்கும்போதே கேளுங்கள். வண்டி கையேடு சொல்லும் இழுவை எடைக்கு மேல் போகாமல் 1000 லிட்டரில் இரண்டு நடை போவது மேல்.

போகும் வழியில் மழைநீர் வடிகால் மூடி எங்கெல்லாம் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கும் ஆளுக்காகப் போட்ட சிலாப் மூன்று டன்னுக்கு உடையும்.

இரண்டு உயிர்ப்பலி வேலைகள்

இதுவரை சொன்னது பணம், புல், தரை. இந்த இரண்டும் வேறு.

ஒன்று, விழுந்த மரத்தை இழுப்பது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோம். அடிமரத்துக்குச் சங்கிலி கட்டி, மறுமுனையை டாப் லிங்கிலோ (மூணு பாயிண்ட் லிங்கேஜின் மேல் கை) சீட்டுக்குக் கீழே கிடைத்த இடத்திலோ மாட்டி இழுத்தால், மரம் அசையாதபோது வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு அப்படியே டிரைவர் மேல் கவிழும். குதிக்க நேரமே இருக்காது. சங்கிலி தாழ்வான டிராபாரில் (வண்டியின் பின்னால் அடியில் உள்ள இழுவைக் கம்பி) மட்டும்தான். மரத்தை முதலில் அறுத்துத் துண்டாக்குங்கள். கவிழ்ந்தால் காக்கும் ரோப்ஸ் கம்பி உள்ள வண்டியாக வாங்குங்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் போட வேண்டும், மரத்தடியில் நுழைய மடக்கிவிட்டால் பெல்ட் போடக் கூடாது. இதை டிரைவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இரண்டு, பிடிஓ ஷாஃப்ட். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9. லுங்கி நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ பட்டால் கையால் இழுத்து மீட்கும் நேரம் கிடையாது. மேலே வரும் பிளாஸ்டிக் உறை உடைந்ததும் கழற்றி எறிவது இங்கே வழக்கமாகிவிட்டது. புது உறை வரும்வரை ஸ்லாஷர் ஓடக் கூடாது. ஸ்லாஷர் ஓடும்போது கல் நூறு அடி தாண்டியும் தெறிக்கும், ஆகவே பள்ளி விட்ட நேரத்திலும் வேண்டாம். பிளேடைப் பார்க்க அடியில் குனியும் முன் இன்ஜினை நிறுத்தி, கருவிக்குக் கட்டை முட்டு கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

உப்பு, சாம்பல், எலி

எண்ணூர்ப் பக்கம் காற்றில் உப்பும் இருக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பலும் இருக்கிறது. சாம்பல் மாவைவிட நைசானது. ஏர் ஃபில்டரை கையேடு சொல்லும் மணிக்கணக்குக்கு முன்பே பார்க்க வேண்டும். தட்டித் தட்டிச் சுத்தம் செய்து அதையே ஓட்டுவது இன்ஜினுக்குள் தூசியை அனுப்பும் வேலை. ரேடியேட்டர் வலையில் காய்ந்த புல் அடைத்திருந்தால் ஃபேன் பக்கமிருந்து வெளியே ஊத வேண்டும், பிரஷர் வாட்டர் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கடற்காற்று படும் வண்டிக்கு வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்க் கழுவல் உண்டு என்று வையுங்கள், கழுவியதும் கிரீஸ்.

மழைக்காலத்தில் ஷெட்டிலேயே நின்றால் டீசல் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்கில் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராகி டீசலில் இறங்கும். வெள்ளத்தில் வளை போன எலிகள் வந்து சேருவதும் இந்த ஷெட்டுக்குத்தான். பானெட்டுக்குள் கூடு கட்டி வயரைக் கடித்திருக்கும். சாவியைத் திருப்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர். மைதான வண்டி உழவு வண்டி மாதிரி மணிக்கணக்கில் ஓடாது. சர்வீஸ் மணி வரட்டும் என்று காத்திருந்தால் ஒன்றரை வருடப் பழைய ஆயிலோடு ஓடிக்கொண்டிருக்கும். கையேட்டில் மணிக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கும் போட்டிருப்பார்கள். இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்றைக்கு ஆயில் மாற்றவும்.