எஃப்5-இல் ஓடுவது வேறு, பயனரிடம் போவது வேறு

விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்) எழுதுபவர்கள் கோடு எழுதும்போது சறுக்குவதைவிட, அதைப் பொதிந்து அனுப்பும்போதுதான் அதிகம் சறுக்குகிறார்கள். எஃப்5 அழுத்தியதும் சோதனைக்கென இன்னொரு ஜன்னல் திறக்கிறது, எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, அப்படியே வெளியிட்டுவிடுகிறார்கள். அந்த ஜன்னல் உங்கள் கணினியில் இருக்கும் ஃபோல்டரை நேரடியாகப் படிக்கிறது. பயனருக்குப் போவதோ விஎஸ்ஐஎக்ஸ் என்ற பொதி.

அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். ஓடும்போது தேவைப்படும் ஒரு லைப்ரரியை, எக்ஸ்டென்ஷனின் விவரங்கள் இருக்கும் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில், உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றுக்கான 'டெவ் டிபென்டென்சி' பட்டியலில் போட்டிருப்பார்கள். லைப்ரரிகள் இறங்கியிருக்கும் உங்கள் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் அது இருப்பதால் எஃப்5-இல் பிரச்சினையே தெரியாது. பொதி கட்டும் விஎஸ்சிஇ கருவி டெவ் பட்டியலை விட்டுவிடும். நிறுவிய பயனருக்குக் கிடைப்பது மொட்டையாக ஒரு பிழைச் செய்தி. ஈஎஸ்பில்ட் என்ற கருவியைக் கொண்டு எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும், எக்ஸ்டென்ஷனும் சீக்கிரம் ஏறும். எப்படியானாலும், கட்டிய விஎஸ்ஐஎக்ஸை வேறு ப்ரொஃபைலில், முடிந்தால் வேறு கணினியில், நிறுவிப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறு, வேண்டாததெல்லாம் பொதிக்குள் போய்விடுவது. ரகசிய டோக்கன் உள்ள ஃபைல் அப்படிப் போனால் மிகவும் ஆபத்து. விஎஸ்ஐஎக்ஸ் வெறும் ஜிப்தான், யாரும் பிரித்துப் பார்க்கலாம். பொதிக்குள் என்னென்ன போகிறது என்று பட்டியலிட விஎஸ்சிஇயிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன் எப்போது எழ வேண்டும் என்று சொல்லும் ஆக்டிவேஷன் ஈவென்ட்டில் '*' போடுவது சுத்த சோம்பேறித்தனம். எடிட்டர் திறக்கும்போதே உங்கள் கோடும் எழுந்துகொள்ளும். பைத்தானுக்கான எக்ஸ்டென்ஷன், பைத்தான் ஃபைல் திறந்தபின் எழுந்தால் போதாதா?

சோதனையில் எல்லோரும் ஆங்கில எழுத்தை மட்டுமே வைத்துப் பார்ப்பதும் ஒரு தவறு. விஎஸ் கோடு ஒரு வரியில் இடத்தை யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் அலகில் எண்ணுகிறது. 'வணக்கம்' நம் கண்ணுக்கு 5 எழுத்து, அந்தக் கணக்கில் 7, யுடிஎஃப்-8 பைட்டில் 21. உங்கள் பார்சர் (கோடைப் படித்துப் பகுக்கும் பகுதி) பைட்டில் எண்ணினால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் பிழையின் சிவப்பு அடிக்கோடு 14 இடம் தள்ளி விழும். தமிழ் ஸ்ட்ரிங் ஒன்று, எமோஜி ஒன்று, இரண்டையும் டெஸ்ட் ஃபைலில் போட்டு வையுங்கள்.

வெளியீட்டில் இன்னும் இரண்டு. விஎஸ் கோடு ஏபிஐயின் (எக்ஸ்டென்ஷன் அழைக்கும் கட்டளைகளின்) வரையறைகள் உள்ள டைப்ஸ் பேக்கேஜைப் புதுப்பித்ததும், எஞ்சின் வெர்ஷன், அதாவது தேவைப்படும் குறைந்தபட்ச விஎஸ் கோடு எண், குறைவாக இருக்கிறது என்று விஎஸ்சிஇ முரண்டு பிடிக்கும். பலர் யோசிக்காமல் எஞ்சின் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள். பழைய விஎஸ் கோடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வெளியீடு போய்ச் சேராது. புது ஏபிஐ எதையும் தொடவில்லையென்றால் டைப்ஸைத்தான் இறக்க வேண்டும். அப்புறம், '1.2.0-பீட்டா' மாதிரி எண்களை, எக்ஸ்டென்ஷன்களை வெளியிடும் தளமான மார்க்கெட்பிளேஸ் ஏற்காது. மூன்று எண் மட்டும் கொடுத்து, முன்வெளியீடு என்பதைத் தனி ஆப்ஷனாகச் சொல்ல வேண்டும்.