வழிகாட்டி நாயோடு ராமநாதபுரம் கடற்கரைக்கு

பார்வையற்றவருக்கு வழிகாட்டப் பழக்கிய நாய்தான் வழிகாட்டி நாய். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அதைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை. அதனால் ஓட்டல் வாசலில் ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று வாதாடினால் எடுபடாது. உரிமை உங்களுக்குத்தான். மாற்றுத்திறனாளியின் தேவைக்கேற்ற நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடு என்கிறது அந்தச் சட்டம். பொதுமக்கள் வந்துபோகும் கடை, மருத்துவமனை, பேருந்து நிலையம், வழிபாட்டுத் தலம் எல்லாம், தனியாருடையதானாலும், பொதுக் கட்டடமே. பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் மாற்றுத்திறனாளி அட்டை, நாயின் பயிற்சிச் சான்று, வெறிநோய்த் தடுப்பூசி அட்டை மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருங்கள். ராமேஸ்வரம், ஏர்வாடி பஸ்ஸுக்கு வழியில் கைகாட்டாமல், பஸ் ஸ்டாண்டிலேயே கூட்டம் ஏறுமுன் கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, எனக்குக் கண் தெரியாது. இது வழிகாட்டப் பழக்கின நாய், என் காலடியிலேயே படுத்துக்கும்.” இன்ஜின் பக்கத்துச் சீட் வேண்டாம், தரை சுடும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வாலும் காலும் நடைபாதைக்கு வராதபடி நாயைச் சீட்டுக்கடியில் படுக்கவையுங்கள். யாராவது மிதித்துவிட்டால் நாய் குரைக்கும், அதோடு மொத்த பஸ்ஸும் உங்களுக்கு எதிராகிவிடும்.

ரயிலின் பொது விதிப்படி முழு அறையையும் பதிவுசெய்த ஏ.சி. முதல் வகுப்பில் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியின் நாய்க்கூண்டுதான். கூண்டில் இருக்கும் நாய் பிளாட்பாரத்தில் உங்களுக்கு வழிகாட்டாது. ஆகவே நாயை உடன் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டி, ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் நாயை விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கூட்ட நேரத்தில் வாசலில் நின்று சட்டம் பேசுவதில் பயனில்லை. இருவர் துணை வேண்டும்: ஒருவர் நாயோடு நிழலில் இருக்க, இன்னொருவர் உங்கள் கையைப் பிடித்து நடக்க. 22 தீர்த்தங்களைச் சுற்றித் தரை எந்நேரமும் ஈரமாக இருக்கும், வழுக்கும்.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை நிழலே இல்லை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக்கூடாது. குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கடல்நீர் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும். வலை உதறிய இடத்தில் பேத்தை மீன் கிடக்கலாம். அது விஷம், வாய் வைக்க விடாதீர்கள். சாலையோரமெங்கும் சீமைக்கருவேல முள். நாயின் நடை மாறினால் உடனே நின்று விரலிடுக்கைத் தடவிப் பாருங்கள். முள் தைத்த நாய் வலிக்கும் காலை ஊன்றாமல் ஒரு பக்கம் ஒதுங்கும், உங்களையும் அப்படியே இழுத்துப்போகும்.

எங்காவது மறுத்தால் நேரம், இடம், வண்டி எண், சொன்ன காரணம் நான்கையும் அங்கேயே போனில் பேசிப் பதிவுசெய்யுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். அவர் பரிந்துரைத்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை.