டென்ட்டுக்குள் விறகடுப்பு: தேர்வைப் புகைக்குழாயிலிருந்து தொடங்குங்கள்

டென்ட்டுக்குள் வைக்க விறகடுப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்றுதான். எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடக்கிறவர் அப்படிக் கேட்பது நியாயம். ஆனால் அடுப்பு ஒழுங்காக எரியுமா, உள்ளே புகை அண்டுமா, ராத்திரி கண் எரியாமல் உட்கார முடியுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அடுப்பின் தலையில் நிற்கிற குழாய். அதனால் நான் குழாயில் தொடங்கித்தான் கீழே பெட்டிக்கு வருவேன், நீங்களும் அப்படியே பார்க்கச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தனியே ஒதுக்கிவிடலாம். நாலு சுள்ளி போட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கையடக்க அடுப்பு வேறு சமாச்சாரம். அதற்குக் குழாய் கிடையாது, வெளியில் மட்டும்தான் எரிக்க வேண்டும், மழை கொட்டினாலும் டென்ட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இங்கே நான் சொல்வது குழாய் வழியாகப் புகையை வெளியே அனுப்பி, உள்ளே குளிர்காயவும் சமைக்கவும் உதவுகிற அடுப்பைப் பற்றி.

சூடான புகை லேசாகி மேலே ஏறும், அது ஏறுகிற வேகத்தில் கீழே கதவுப் பக்கமிருந்து புதுக் காற்றை இழுக்கும். இந்த இழுப்பு இருந்தால் நெருப்பு தானாக எரியும், இல்லையென்றால் ஊதி ஊதி ஓய்ந்து போவீர்கள். குழாய் எவ்வளவு நீளமோ, உள்ளே எவ்வளவு சூடோ, இழுப்பும் அவ்வளவு. இரண்டு மீட்டருக்குக் குறைந்த குழாயை நான் வாங்க மாட்டேன். டென்ட் உச்சிக்கு மேலே ஒரு சாணாவது, முடிந்தால் ஒன்றரைச் சாண், குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரை மேல் உருண்டு வருகிற காற்று புகையைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே அமுக்கிவிடும். ஆகவே டென்ட்டின் உயரத்தை அளந்து வைத்துக்கொண்டு அப்புறம் குழாய் நீளத்தைப் பாருங்கள். நடுவில் முழங்கை மாதிரி வளைகிற இணைப்பு இருந்தால் இழுப்பு குறையும், நேராக ஏறுவதே நல்லது. விட்டம் 60 முதல் 75 மி.மீ. இருந்தால் சின்ன அடுப்புக்குப் போதும். அதைவிட ஒல்லியானால் எடை பெரிதாக மிச்சமாகாது, கரி மட்டும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

குழாயில் இரண்டு ரகம். ஒன்றுக்குள் ஒன்று செருகும் துண்டுக் குழாயை இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடலாம், எடை கூடுதல். செருகும்போது மேல்துண்டின் வாய் கீழ்த்துண்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே படிகிற தார் உள்ளேயே வழியும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே ஒழுகும். இன்னொன்று, காகிதம் போல மெல்லிய டைட்டானியம் தகட்டைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்துப் போய், அங்கே விரித்து, குறுக்குவாட்டில் சுற்றிக் குழாயாக்கி, வளையங்களை மாட்டி இறுக்குவது. நடந்து போகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் தகட்டின் அகலத்தைப் பாருங்கள்: 70 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுற்றளவு சுமார் 220 மி.மீ., ஆக தகடு 250 மி.மீ. இருந்தால்தான் ஓரம் ஒன்றின் மேல் ஒன்று மூன்று செ.மீ. ஏறி நிற்கும். அந்த ஏற்றம் இல்லாத குழாய் சூட்டில் வாய் பிளக்கும்.

முதல் தடவை சுற்றும்போது பொறுமை வேண்டும். தகடு வில் மாதிரி திமிறும், ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை விரியும், ஓரமோ பிளேடு போலக் கையைக் கிழிக்கும். தடிமனான கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பேராகச் செய்யுங்கள். ஒருவர் சுற்றிப் பிடிக்க, மற்றவர் வளையத்தை ஏற்றட்டும். ஒரு முறை நன்றாகச் சூடேறி எரிந்துவிட்டால் தகடு அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை பாதி வேலையை அதுவே செய்துகொடுக்கும். பொன்னிறம், ஊதா, நீலம் என்று நிறம் மாறினால் பயப்பட வேண்டாம், டைட்டானியம் சூடானால் அப்படித்தான்.

குழாய் உச்சியில் தீப்பொறி தடுக்கும் வலை ஒன்று வரும். அது இல்லாமல் வாங்காதீர்கள், ஒரு பொறி டென்ட் துணியில் விழுந்தால் ஓட்டைதான். ஆனால் கையால் கழற்றி மாட்ட முடிகிற வலையா என்று பாருங்கள். ஈர விறகை எரித்துக்கொண்டிருந்த ஒரு பயணத்தில், மூன்றாவது ராத்திரி கதவைத் திறந்த போதெல்லாம் புகை என் முகத்துக்கே வந்தது. விறகுதான் மோசம் என்று நினைத்து இன்னும் சிறிதாகப் பிளந்து போட்டேன், காற்றுத்துளையை முழுக்கத் திறந்தேன், ஒன்றும் மாறவில்லை. நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, குழாயை இறக்கி வலையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கண் வழியாகக்கூட ஒளி வரவில்லை. கறுப்பு மெழுகு பூசியது போல முழுசாக அடைத்திருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வலையைக் கழற்றித் தட்டிவிடுவது என் வழக்கம். புகையை மட்டுப்படுத்தக் குழாய்க்குள் திருப்புகிற டாம்பர் தகடும் இருந்தால் நல்லது. காற்றடிக்கிற ராத்திரியில் இழுப்பு மிஞ்சிப்போய் சூடெல்லாம் வானத்துக்குப் போகாமல் அது பிடித்து வைக்கும். முழுக்க மூடினாலும் புகை போக இடம் விடுகிற, நடுவில் ஓட்டையோ வெட்டோ உள்ள தகடாக இருக்கட்டும்.

சரி, இப்போது பெட்டி. டைட்டானியமா எவர்சில்வரா என்ற விவாதத்தை ஒரு கணக்கில் முடிக்கலாம். 20 செ.மீ. அகலம், 20 உயரம், 30 நீளம் உள்ள பெட்டிக்கு 0.32 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். அரை மி.மீ. டைட்டானியத்தில் அது சுமார் 720 கிராம். 0.8 மி.மீ. இரும்பிலோ எவர்சில்வரிலோ இரண்டு கிலோ. சம கனத்தில் டைட்டானியம் இரும்பின் எடையில் பாதிக்குச் சற்று மேலே வரும், அதோடு துருப்பிடிக்காததால் தகட்டை இன்னும் மெல்லியதாகவும் தட்டிவிட முடிகிறது. ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், நெருப்பு அடங்கிய சில நிமிடங்களில் ஆறியும் போகும். நாள் முழுக்கச் சுமக்கிறவர் டைட்டானியம் வாங்கலாம். சறுக்குவண்டியில் இழுத்துப் போகிறவருக்கும் படகில் போகிறவருக்கும் எவர்சில்வரே போதும், அந்தக் காசில் நல்ல தூக்கப்பை வாங்கட்டும். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம், சூட்டில் வருகிற அந்தப் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும். விற்பவர் சொல்லும் எடையில் குழாய், வலை, வளையம், கால், பை எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பல நேரம் பெட்டியின் எடையை மட்டும்தான் எழுதியிருப்பார்கள். அதோடு ஒரு மடக்கு ரம்பத்தின் எடையையும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள், ரம்பம் இல்லாமல் இந்த அடுப்பு ஓடாது.

ஏனென்றால் பெட்டியின் நீளம்தான் நீங்கள் எவ்வளவு அறுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 30 செ.மீ. பெட்டிக்கு 25 செ.மீ. துண்டு, அதாவது ஒரு மீட்டர் கிளையில் நாலு துண்டு. 40 செ.மீ. பெட்டி என்றால் மூன்றுக்கும் குறைவு. மணிக்கட்டுப் பருமன் கிளைகளை இருட்டிய பிறகு, விறைத்த கையோடு அறுத்துப் பார்த்தவருக்கு அந்த வித்தியாசம் புரியும். சின்னப் பெட்டியில் ஒரு தடவை போட்ட விறகு அரை மணி, முக்கால் மணிதான் நிற்கும். அதனால் ராத்திரி முழுக்க அடுப்பு காக்கும் என்று எண்ணி, குளிர் அதிகம் தாங்காத தூக்கப்பையை எடுத்துப் போகாதீர்கள். அடுப்பு இருப்பது உடை உலர்த்த, சமைக்க, படுக்கப் போவதற்கு முன் உடம்பைச் சூடேற்ற. தூங்கும்போது தூக்கப்பை ஒன்றே குளிரைத் தாங்க வேண்டும். காற்றை அடைத்துக் கங்காகப் புகையவிட்டுத் தூங்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம்.

விறகு கிடைக்காத இடத்துக்கும், நெருப்புக்கே தடை உள்ள இடத்துக்கும் இந்த அடுப்பு வெறும் சுமை, கிளம்பும் முன் அங்குள்ள விதியை விசாரித்துவிடுங்கள். விறகு கிடைக்கும் இடத்தில், நின்றபடியே பட்டுப்போன கிளைகளைத் தேடுங்கள். தரையில் கிடப்பது ஈரம் குடித்திருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள், "டண்" என்றால் காய்ந்தது, "பொத்" என்றால் ஈரம். ஈர விறகு தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைத் தின்றுவிடும், குழாய் குளிர்ந்து இழுப்பு குறையும், தார் படியும், முன்னே சொன்ன வலை அடைக்கும்.

கதவை ஒரு கையால், கையுறையோடு திறக்க முடிகிறதா என்று பாருங்கள். காற்றுத்துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளவு வைக்க வர வேண்டும். கால் குட்டையாக இருந்தால் கீழே தரை கருகும். காய்ந்த இலைச்சருகைச் சுத்தமாக ஒதுக்கிவிட்டு வையுங்கள். பனியில் வைப்பதானால் இரண்டு பச்சைக் கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் பனி உருகி அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து குழாயையும் இழுக்கும்.

டென்ட்டைப் பொறுத்தவரை, குழாய் போகிற வாயில் சூடு தாங்கும் கண்ணாடியிழைத் துணி தைத்து, அடித்தளம் இல்லாமல் வருவதாகப் பாருங்கள். நைலான் 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகிவிடும், குழாயின் அடிப்பகுதி அதைச் சுலபமாகத் தாண்டும். சாதாரண டென்ட்டில் ஓட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சுவருக்கும் அடுப்புக்கும் ஒரு முழ இடைவெளி கிடைக்கவில்லையென்றால் டென்ட் சின்னது, அல்லது அடுப்பு பெரிது.

விறகு எரியும்போது வருகிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அதைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வரும்போது நடந்த களைப்பு என்றுதான் தோன்றும், அதனால்தான் தானாகக் கண்டுபிடிக்க முடிவதில்லை. எடை பார்க்காமல் பேட்டரியில் ஓடுகிற எச்சரிக்கைக் கருவியை வாங்குங்கள், எத்தனை டிகிரி குளிர் வரை வேலை செய்யும் என்பதை அதன் கையேட்டில் படித்துவிட்டு. பல கருவிகள் உறைகுளிருக்கு ஆனவை அல்ல. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு எப்போதும் இருக்கட்டும், ஓரமெல்லாம் பனியை அள்ளிப் போட்டு இறுக்கி மூடாதீர்கள். கடைசியாக ஆள் படுக்கும்போது நெருப்பு முழுக்க அணைந்திருக்க வேண்டும்.

வாங்கியதும் திறந்தவெளியில், டென்ட் இல்லாமல், ஒரு மணி நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரித்துப் பாருங்கள். தகட்டில் ஒட்டிய எண்ணெயும் பூச்சும் நாற்றத்தோடு அப்போதே போய்விடும், குழாயும் வளைவைப் பிடித்துக்கொள்ளும். நெருப்பு பிடித்தபின் கதவை மூடி, கதவு ஓரம், மூட்டு, குழாய் அடி என்று சுற்றிப் பாருங்கள். எங்காவது புகை கசிந்தால் குழாயை இறக்கித் திரும்பச் சுற்றி மறுபடி எரியுங்கள். அப்போதும் கசிந்தால், திருப்பிக் கொடுக்கிற நாள் முடிவதற்குள் கடைக்கே அனுப்பிவிடுங்கள்.