குதிரையின் சிறுநீர்க்கல்: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தை முடிந்த சில வாரங்களில், புதிதாகக் குதிரை வாங்கியவர்களிடமிருந்தும், அந்தக் குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கும் இளம் கால்நடை மருத்துவர்களிடமிருந்தும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். சென்ற முறை அழைத்த ஒரு மருத்துவர், ஓடி முடித்ததும் இரத்தம் கலந்து சிறுநீர் கழிக்கும் குதிரை ஒன்றுக்கு இரண்டு மாதங்களாகத் தாம் கொடுத்துவரும் மருந்துகளை வரிசையாகச் சொன்னார். 20 ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய மருந்துச் சீட்டில் இருந்தவை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தன. அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கலங்கலைக் கண்டு மிரளுவது

மாட்டின் சிறுநீரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குதிரையின் சிறுநீர் நோயுற்றதாகவே தோன்றும். தீவனத்தில் உள்ள கால்சியத்தைத் தேவைக்கு மேலும் குடலில் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுவது குதிரையின் உடல் இயல்பு. அந்தச் சுண்ணாம்பு நுண்படிகங்களும் கோழையும் கலந்திருப்பதால் அதன் சிறுநீர் மஞ்சளாகவும் கலங்கலாகவும் சற்றுக் கொழகொழப்பாகவும் இருக்கும். கீழே விழுந்து காற்றுப்பட்ட பின் அது செம்பழுப்பாக மாறுவதும் உண்டு. ஆகவே லாயத்து மணலில் தெரியும் நிறத்தை வைத்து இரத்தம் என்று முடிவு கட்டாமல், பாத்திரத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உண்மையான அறிகுறிகள் வேறு: ஓட்டத்துக்குப் பின் வரும் இரத்தம், பின்னங்கால்களை அகட்டி நெடுநேரம் நின்றும் சிறிதளவே கழிப்பது, சொட்டுச் சொட்டாக ஒழுகித் தொடையின் உட்புறம் வெந்து முடி உதிர்வது.

கல்லைக் கரைத்துவிடலாம் என்று காத்திருப்பது

இந்தத் தவற்றை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது; அந்த எரிச்சலில் பெரும்பங்கு என்மீதுதான்.

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற, காயடித்த 11 வயது தரோபிரெட் குதிரை ஒன்று கோவைப் பக்கத்துச் சவாரிப் பள்ளி ஒன்றில் இருந்தது. பயிற்சி முடிந்து லாயத்துக்குத் திரும்பியதும் சிவந்த சிறுநீர் கழிக்கிறது என்று என்னை அழைத்தார்கள். ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே பெரிய எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல் தெரிந்தது. அறுவை என்றதும் உரிமையாளர் தயங்கினார். அனுபவம் குறைந்த நானும் உள்ளூரத் தயங்கினேன். நுண்ணுயிர்க்கொல்லி ஊசியும், மனிதர்களுக்குச் சிறுநீர்க்கல்லுக்குக் கொடுக்கும் சிட்ரேட் சிரப்பைக் குதிரையின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டும் எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் தம் பங்குக்குச் சிறுபீளைக் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் சேர்த்துக்கொண்டார். மூன்று வாரம் சவாரி கூடாது என்றும் சொல்லியிருந்தேன். மூன்றாம் வாரத்தில் இரத்தம் நின்றுவிட்டது. கல் கரைந்து வருகிறது என்று நான் அவரிடம் சொன்னேன். என்னிடமும் அதையே சொல்லிக்கொண்டேன்.

இதில் மறைந்திருக்கும் பொறியைப் பாருங்கள். சொரசொரப்பான கல் ஓட்டத்தின்போது சிறுநீர்ப்பையின் சுவரில் உரசுவதால்தான் இரத்தம் வருகிறது. ஓட்டத்தை நிறுத்தினால் உரசல் குறையும், இரத்தமும் நிற்கும். கல் இருந்த இடத்திலேயே இருக்கும். மருந்தையும் ஓய்வையும் ஒரே நாளில் தொடங்கியதால், ஓய்வு செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொண்டது. சவாரி தொடங்கிய பத்தாம் நாள் மீண்டும் இரத்தம் வந்தது. மீண்டும் அதே மருந்து, அதே ஓய்வு, அதே மகிழ்ச்சி. இப்படி மூன்று சுற்றுகளில் ஏழு மாதங்கள் கழிந்தன.

கல்லின் தன்மையை அறிந்திருந்தால் இதைத் தொடங்கியே இருக்க மாட்டேன். மனிதர்களுக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள். அடுத்த நிலையில் யூரிக் அமிலக் கற்களும் உண்டு. குதிரைக்கு வருபவை ஏறத்தாழ எல்லாமே கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். அது காரத்தில் படியும், அமிலத்தில் கரையும். குதிரையின் சிறுநீரோ இயல்பாகவே காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு பெரும்பாலும் 7.5க்கும் 9க்கும் இடையில் இருக்கும். சிட்ரேட் சிரப் சிறுநீரை மேலும் காரமாக்குவதற்கென்றே செய்யப்பட்ட மருந்து. எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்பு கரையுமே என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நாக்கில் புளிக்கும் அந்தச் சாறு உடலுக்குள் எரிந்து முடிந்து சிறுநீருக்கு வரும்போது காரமாகத்தான் வருகிறது. கல் எடுத்த பின் மீண்டும் உருவாகாமல் தடுக்கச் சிலர் அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், கொடுத்துச் சிறுநீரை அமிலமாக்கப் பார்ப்பதுண்டு. அதன் சுவை குதிரைக்குப் பிடிக்காது. போதிய அளவை நாள்தோறும் உட்கொள்ள வைப்பதும் கடினம். உருவாகிவிட்ட பெரிய கல்லைக் கரைக்க அதை நம்பியிருக்கவே முடியாது.

முதல் நாளே முடிவெடுத்திருந்தால், மயக்க ஊசியும் வாலடியில் முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியும் கொடுத்து, குதிரை நின்ற நிலையிலேயே ஆசனவாய்க்குக் கீழே சிறுநீர்க்குழாயைத் திறந்து அந்தக் கல்லை எடுக்க முயன்றிருக்கலாம். ஏழு மாதம் கழித்து அது அந்த வழியில் வரும் அளவைத் தாண்டிவிட்டது. முழு மயக்கத்தில் மல்லாத்தி, வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த கல் 430 கிராம் இருந்தது. முழு மயக்கத்திலிருந்து எழும்போது தடுமாறி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு என்பதால், அது எழுந்து நிற்கும் வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செலவுக் கணக்கைப் பார்த்த உரிமையாளர், “ஏனுங்க டாக்டர், மொதல்லயே எடுத்திருக்கலாமுங்களே?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

நுண்ணுயிர்க்கொல்லி தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கல்லோடு தொற்றும் சேர்ந்திருக்கக்கூடும். சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனைக்கு, அனுப்பி, உரிய மருந்தை அறுவையோடு சேர்த்துக் கொடுப்பதே முறை. கல்லை உள்ளே வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

கையை அளவுக்கு மீறி உள்ளே விடுவது

மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்து பழகிய நாம் குதிரையின் மலக்குடலிலும் முழங்கை வரை கையை விட்டுவிடுகிறோம். கல் இருக்கும் சிறுநீர்ப்பை பெரும்பாலும் சுருங்கி இடுப்பெலும்புக் குழிக்குள்ளேயே கிடப்பதால், மணிக்கட்டு அளவு கை நுழைந்ததுமே உள்ளங்கைக்குக் கீழே அது தட்டுப்படும். ஆழமாகப் போகும் கை அதைத் தாண்டிப் போய்விட்டுக் கல் இல்லை என்று சொல்லும். குதிரையின் மலக்குடல் எளிதில் கிழியக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம்.

சிறுநீர்ப்பையோடு நின்றுவிடுவது

பையில் ஒரு கல் கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அந்தக் கல்லின் விதை சிறுநீரகத்திலிருந்து இறங்கி வந்ததாகவும் இருக்கலாம். சிறுநீரகக் கல் நெடுங்காலம் ஓசையின்றி இருக்கும். மெலிவு, தீனியில் நாட்டமின்மை, லேசான வயிற்றுவலி தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து முக்கால் பங்கு செயலிழக்கும் வரை, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உயராது என்பதால், இரத்தச் சோதனை சரியாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. வலப்பக்கக் கடைசி விலா இடைவெளிகளிலும் இடப்பக்கப் பசிக்குழியிலும் (கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள பள்ளம்) ஸ்கேன் வைத்து இரண்டையும் பார்த்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். ஒரு சிறுநீரகம் முற்றும் கெட்டு மற்றது நன்றாக இருந்தால் கெட்டதை எடுத்துவிடலாம். இரண்டிலும் கல் இருந்து கிரியேட்டினினும் ஏறியிருந்தால், பையில் உள்ள கல்லை எடுப்பதால் குதிரைக்கு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை உரிமையாளரிடம் ஒளிக்காமல் பேச வேண்டும். நான் ஒரு முறை பேசாமல் விட்டேன். அழகாக ஆறிய தையலோடு அந்தக் குதிரை நான்காம் மாதம் சிறுநீரகச் செயலிழப்பில் இறந்தது.

பெட்டைக்கு வராது என்று இருப்பது

குறைவாக வரும், வராமல் இராது.

சிறுநீர் அடைபட்ட குதிரைக்குச் சிறுநீர்ப்பெருக்கி

கொடுக்காதீர்கள், பை கிழியும்.

வலிமருந்தை நீட்டிக்கொண்டே போவது

ஃபீனைல்பூட்டசோன் மலிவானது, வேலை செய்வது, எல்லா லாயத்திலும் இருப்பது. நீர் வற்றிய குதிரைக்கு அதை நாள்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகத்தின் உட்பகுதித் திசு அழுகிச் சிதையும். அந்தச் சிதைவின்மேலேயே புதிய கல் படியும். கல்லுக்கென்று கொடுத்த வலிமருந்தே அடுத்த கல்லுக்கு வித்தாகிவிடும். முதலில் நரம்புவழி நீர் ஏற்றி, கிரியேட்டினினைப் பார்த்து, குறைந்த அளவில் சில நாள்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். நொண்டிக்காக ஆண்டுக்கணக்கில் அதைத் தின்ற பந்தயக் குதிரைகளை வாங்குபவர்கள் சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்து வாங்குவது நல்லது.

துண்டுகளை விட்டுவிட்டு வருவது

நின்ற நிலையில் கல்லை உடைத்து எடுக்கும்போது, பெரிய துண்டுகள் வெளியே வந்ததும் களைப்பில் முடித்துவிடத் தோன்றும். பையில் எஞ்சும் ஒவ்வொரு துணுக்கும் அடுத்த கல்லின் கருவாகும். வெதுவெதுப்பான உப்புநீரை லிட்டர் கணக்கில் செலுத்திக் கழுவி, இறுதியில் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டுக் கண்ணால் பார்த்த பிறகே கருவிகளை எடுத்து வைக்க வேண்டும். ஆசனவாய்க்குக் கீழே திறந்த காயத்தைப் பெரும்பாலும் தைக்காமல் தானாக ஆற விடுவார்கள். சில நாள்கள் சிறுநீர் அதன் வழியே ஒழுகும். அதைக் கண்டு அஞ்சித் தைக்கச் சொல்லும் உரிமையாளரை நாம்தான் அமைதிப்படுத்த வேண்டும். நாள்தோறும் கழுவித் துடைத்துப் பின்னங்கால்களில் வாசலின் தடவினால் தோல் வேகாது. வயிற்றைத் திறந்த குதிரைக்கு முதல் மாதம் லாயத்திலேயே ஓய்வும், பின்னர் கயிற்றில் பிடித்து நடத்துவதும் வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன் சவாரி கூடாது.

குதிரை மசாலும் தவிடும்

பெயரிலேயே குதிரை இருப்பதால், தேறிவரும் குதிரைக்குக் குதிரை மசால் என்ற லூசர்ன் தீவனத்தைவிடச் சிறந்த தீனி இல்லை என்று நினைக்கிறார்கள். உலர்ந்த நிலையில் அதில் 1.2 முதல் 1.5 விழுக்காடு கால்சியம் இருக்கிறது. சாதாரணப் புல்லில் இருப்பதைப் போல மூன்று மடங்கு என்று கொள்ளலாம். அதில் தேவைக்கு மேல் உறிஞ்சப்படுவது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கல் வந்த குதிரைக்கு அதை நிறுத்துவதே சரி.

நிறுத்தியவர்கள் அடுத்துச் செய்வதும் தவறாகிறது. மசாலுக்குப் பதிலாக நேப்பியர் புல்லும் தவிடும் போடுகிறார்கள். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டிலோ கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. இரண்டும் சேர்ந்து நெடுநாள் தொடர்ந்தால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கி முகவெலும்பு புடைத்துவிடும். கல்லுக்குப் பயந்து எலும்பைக் கரைத்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். அருகம்புல்லும் உலர்த்திய ஓட்ஸ் தீவனமும் முதன்மையாக இருக்கட்டும்; தானியத்தை அளவோடு கொடுங்கள்; மொத்தத் தீவனத்தில் கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருந்தால் போதும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் குதிரைக்கு நாள்தோறும் 50 கிராம் அளவுக்கு உப்பைத் தீனியில் கலந்தால் அது தானாகவே அதிகம் தண்ணீர் குடிக்கும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப்பையை ஸ்கேன் செய்யுங்கள். சிறுநீர் பிடித்துப் பார்ப்பதாக இருந்தால், ஓய்வில் நிற்கும்போது அல்ல, நல்ல ஓட்டம் ஓடி வந்த பிறகு பிடியுங்கள்.