டிரைவ்வேயில் நிற்கும் டிரெய்லருக்கு வீட்டுக் கரண்ட்: முதல்முறை மாட்டுபவர்களுக்கு

கேம்பிங் கிளம்புவதற்கு முதல் நாளே டிரெய்லரின் ஃப்ரிட்ஜ் குளிர ஆரம்பிக்க வேண்டும், பேட்டரியும் ஏற வேண்டும். ஆர்வி பார்க்கில் (இப்படித் தங்கிப் பயணிக்கும் வண்டிகளை, அதாவது ஆர்விகளை, நிறுத்தும் இடம்) இதற்கென்றே ஒரு மின்கம்பம் நிற்கும். வீட்டில் இருப்பது கராஜ் சுவரில் உள்ள சாதாரண பிளக் பாயிண்ட்தான். அது போதுமா? சில வேலைகளுக்குப் போதும், சிலவற்றுக்குப் போதாது. நான் டெக்சாஸில் 30 ஆம்ப் டிரெய்லர் ஒன்று வைத்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அமெரிக்க, கனடா வீடுகளின் 120 வோல்ட் கணக்கு.

முதலில் ஊர்க் கணக்கை மறந்துவிடுங்கள். ஊரில் 15 ஆம்ப் பாயிண்ட் என்றால் கீசர் மாட்டுவது. 230 வோல்ட் என்பதால் 3,400 வாட்டுக்குக் குறையாமல் தரும். இங்கே அதே 15 ஆம்ப், ஆனால் வோல்ட் ஏறக்குறைய பாதி. 120ஐ 15ஆல் பெருக்கினால் 1,800 வாட். மணிக்கணக்கில் ஓட விடுவதென்றால் அதில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: 12 ஆம்ப், 1,440 வாட். டிரெய்லரோ 3,600 வாட் வரும் என்று நம்பிக் கட்டப்பட்டது. கடையில் ஓர் அடாப்டர் வாங்கினால் பிளக் பொருந்திவிடும், கரண்ட் மட்டும் ஒரு ஆம்ப்கூட அதிகமாகாது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: பாயிண்ட்டைப் பாருங்கள்

பிரேக்கர் பெட்டியில் அந்த பாயிண்ட்டுக்கான பிரேக்கரை அணைத்துவிட்டு, வீட்டில் வேறு எதெல்லாம் அணைகிறது என்று சுற்றிப் பாருங்கள். அலுப்பான வேலைதான். நான் இதைச் செய்யாமல் விட்டேன். எங்கள் வீட்டில் வெளிச்சுவர் பாயிண்ட்டும் கராஜ் ஃப்ரீசரும் ஒரே லைன் என்பது, டிரிப் ஆனதைக் கவனிக்காமல் ஊர் சுற்றிவிட்டு மூன்று நாள் கழித்துக் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வஞ்சிரம் வாடை போக ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்து, மூன்று விளக்குள்ள பிளக் டெஸ்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். எந்த வீட்டுச் சாமான் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும். பேஸ், நியூட்ரல், எர்த் சரியாக இருக்கிறதா என்று அது சொல்லும். எர்த் இல்லை என்று காட்டினால் அந்த பாயிண்ட்டை விட்டுவிடுங்கள். டிரெய்லர் நிற்பது ரப்பர் டயரிலும் மரக்கட்டையிலும். அதற்கு எர்த் என்பது பாயிண்ட்டிலிருந்து வரும் எர்த் ஒயர் வழியாக மட்டும்தான். அது அறுந்திருந்து உள்ளே எங்காவது கசிவும் இருந்தால், வண்டியின் உலோக உடம்பு முழுக்க கரண்ட் நிற்கும். ஈரத்தில் நின்று கைப்பிடியைத் தொடுபவர் வழியாக அது தரைக்குப் போகும். அதே காரணத்தால், பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டி மாட்டும் யோசனையை யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

படி 2: ஒயர்

டிரெய்லரோடு வந்த தடித்த ஒயர் பெரும்பாலும் 10 கேஜ் (கேஜ் என்பது ஒயரின் தடிமன் எண், எண் கூடக்கூட ஒயர் மெலிது). அதுவே சுவர் வரை எட்டினால் அதைவிட நல்லது எதுவுமில்லை. சுவர் முனையில், 30 ஆம்ப் பிளக்கை 15 ஆம்ப் பாயிண்ட்டில் மாட்ட உதவும் 15-30 அடாப்டர் மட்டும் போதும். இரண்டு பக்கமும் தலை, நடுவில் சிறு ஒயர் என்று எலும்புத்துண்டு மாதிரி இருக்கும், டாக்போன் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

எட்டவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன் வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கிய மெல்லிய ஆரஞ்சு ஒயர் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும், எடுத்து மாட்டிவிடுவோம். அது 16 கேஜாக இருக்கும். 50 அடி நீளத்தில் 12 ஆம்ப் ஓடினால் கிட்டத்தட்ட 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். போகும் அந்த சக்தி 60 வாட் சூடாக ஒயருக்குள்ளேயே இருக்கும். 12 கேஜ் என்றால் இழப்பு 2 வோல்ட்டுக்குள் அடங்கும். எனவே 50 அடி வரை 12 கேஜ், அதற்கு மேல் 10 கேஜ், மூன்று பின், வெளியில் போட ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். ஒன்றே போதும், இரண்டை இணைக்காதீர்கள். மிச்சத்தைச் சுருட்டியும் வைக்காதீர்கள், சுருளுக்குள் சூடு தங்கிவிடும். இணைப்புகள் தரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கக் கூடாது.

படி 3: மாட்டும் வரிசை

டிரெய்லருக்குள் போய் ஏசி, மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு உள்ளே இருக்கும் பிரேக்கர்களையும், மெயின் உட்பட, இறக்கிவிடுங்கள். இப்போது டிரெய்லர் முனையை முதலில் மாட்டுங்கள், சுவர் முனையைக் கடைசியில். தலைகீழாகச் செய்தால் உயிருள்ள ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்ற வேண்டியிருக்கும். காலில் செருப்பு, உலர்ந்த கை.

அடாப்டருக்கும் டிரெய்லர் ஒயருக்கும் நடுவில் ஆர்விக்கான சர்ஜ் ப்ரொடெக்டர் (வோல்ட் திடீரென எகிறினால் காக்கும் கருவி) வைப்பது என் பழக்கம். விலை சற்று அதிகம். ஆனால் நல்ல வகை எர்த் இல்லாததையும் கண்டுபிடிக்கும், வோல்ட் 104 அளவுக்கு இறங்கினாலோ 132ஐத் தாண்டினாலோ தானே துண்டித்துவிடும்.

மாட்டியதும் கதவைத் தொடாதீர்கள். தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரை, வேலை செய்கிறதா என்று வீட்டு பாயிண்ட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, டிரெய்லரின் உலோகப் படிக்கட்டு அருகே கொண்டுபோங்கள். அடித்தால் வீட்டு பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

படி 4: ஒவ்வொன்றாகப் போடுங்கள்

மெயின், அடுத்து கன்வர்ட்டர். 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரியை ஏற்றுவது இதுதான். சத்தமில்லாமல் தின்னும். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால் 55 ஆம்ப் கன்வர்ட்டர் சுவரிலிருந்து 7, 8 ஆம்ப் வரை இழுக்கும், பேட்டரி ஏற ஏறக் குறையும். கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு 3 ஆம்ப். ஆக 10, 11 ஆம்ப் போய்விட்டது. இந்த நேரத்தில் யாராவது காபி சூடுபண்ண மைக்ரோவேவைத் தட்டினால் அது தனியாகவே 12 ஆம்ப் கேட்கும். பிரேக்கர் விழத்தான் செய்யும்.

வாட்டர் ஹீட்டரின் மின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். அதற்கும் பல வண்டிகளில் 1,440 வாட், அதாவது நம் பங்கு முழுவதும். டேங்க்கில் தண்ணீர் இல்லாமல் போட்டால் எலிமெண்ட் எரிந்துபோகும். கூரை ஏசி? 15 ஆம்ப்பில் வேண்டாம். ஓடும்போதே 12, 13 ஆம்ப், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. வோல்ட் இறங்கி கம்ப்ரெஸ்ஸர்தான் அடி வாங்கும்.

அரை மணி கழித்து சுவர் பிளக்கையும் அடாப்டரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு என்றால் உடனே பிரேக்கரை அணையுங்கள். பாயிண்ட் தளர்ந்திருக்கலாம்.

ஜிஎஃப்சிஐ டிரிப் ஆனால்

வெளிச்சுவர் பாயிண்ட்டில் சின்னதாக டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன் இருக்கும். அதுதான் ஜிஎஃப்சிஐ, கரண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு. ஏறக்குறைய 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே துண்டித்துவிடும். புதியவர்கள் எரிச்சலாகி இது இல்லாத உள் பாயிண்ட்டைத் தேடிப் போகிறார்கள். உங்களைக் காப்பாற்றத்தான் அது விழுகிறது. டிரெய்லர் பிரேக்கர்களை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பலமுறை அது வாட்டர் ஹீட்டர் எலிமெண்ட்டாக இருக்கும். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் ஒயரிலோ பிளக்கிலோ ஈரம் இருக்கலாம், அல்லது வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கலாம். பிரேக்கர் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது, அதனால் இறக்கியிருந்தாலும் அந்தத் தொடுதல் அப்படியே இருக்கும்.

ஏசி கட்டாயம் வேண்டுமென்றால்

எலக்ட்ரீஷியனை வைத்து தனி 30 ஆம்ப் ஆர்வி பாயிண்ட் போடுங்கள்: 10 கேஜ் செம்பு ஒயர், 30 ஆம்ப் ஒற்றை பிரேக்கர், 120 வோல்ட். கடைசி எண்ணை அவரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்று பின், 30 ஆம்ப் என்றதும் பழைய துணி உலர்த்தும் மெஷினின் 240 வோல்ட் பாயிண்ட் என்று நினைத்து இரட்டை பிரேக்கர் போட்டுவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. மாட்டிய நொடியில் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், டிவி எல்லாம் கருகிவிடும். அவர் கிளம்பும் முன் மல்டிமீட்டரில் காட்டச் சொல்லுங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120, பேஸுக்கும் எர்த்துக்கும் 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய பூஜ்யம். 240 என்று எங்காவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

கழற்றுவது மாட்டியதற்கு நேர் எதிர்: உள்ளே பிரேக்கர்கள், அப்புறம் சுவர், கடைசியில் டிரெய்லர். கிளம்பும் முன் கராஜ் ஃப்ரீசரைத் திறந்து விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.