முதல் மளிகைச் சீட்டைப் பாதியாக்குங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில் 26 வருடமாகச் சரக்கு நிறுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். புதுக்குடித்தனம் போகிறவர்கள் கொண்டுவரும் சீட்டு எப்போதும் இரண்டு பக்கம் இருக்கும். எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டுக் கணக்கில் அம்மாவோ மாமியாரோ சொல்லச் சொல்ல எழுதியது அது. பாதியை அடித்துவிட்டு வாங்குங்கள் என்று நான் சொன்னால், கடைக்காரர் பேசுகிற பேச்சா இது என்று பார்ப்பார்கள். ஆனால் வண்டு வைத்த ரவையையும் சிக்கு வாடை வந்த பருப்பையும் குப்பையில் கொட்டுகிற நாளில் அந்தப் பிள்ளைகளுக்குச் சமையல் மேலேயே வெறுப்பு வந்துவிடுகிறது. என் மகள் வீட்டிலேயே அதைப் பார்த்தேன்.

அவளுக்கு ஏற்காட்டில் வேலை கிடைத்து, ஒரே அறை உள்ள வீடு பிடித்தோம். நானே மூட்டை கட்டி, பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு கொண்டுபோய் வைத்தேன். ஐப்பசி மாதம். மேலே பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் உப்பு கசிந்து அலமாரி ஈரமாகியிருந்தது, மல்லியில் பூசணம், அப்பளம் துணி மாதிரி தொங்கியது. “எதை எடுத்து என்ன செய்யறதுன்னே தெரியலப்பா, இத்தனை இருக்கு” என்றாள். அன்றைக்கு அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து திருத்தி எழுதிய சீட்டு இது. ஒரு ஆளுக்கு, 15 நாளுக்கு.

பொன்னிப் புழுங்கல் 2 கிலோ, துவரம் பருப்பு அரைக் கிலோ, பாசிப்பருப்பு கால் கிலோ, உளுந்து கால் கிலோ, பொட்டுக்கடலை 200 கிராம், புளி கால் கிலோ, கல்லுப்பு ஒரு கிலோ, வெல்லம் கால் கிலோ. கடுகு, சீரகம் தலா 100 கிராம். மிளகு, வெந்தயம், மஞ்சள் தூள் தலா 50. மிளகாய் வத்தல் 100, சாம்பார் தூள் 100, சின்னப் பெருங்காய டப்பா ஒன்று. கடலை எண்ணெய் அரை லிட்டர், நல்லெண்ணெய் 200 மில்லி. அவ்வளவுதான். கரம் மசாலா, பிரியாணி மசாலா, சோள மாவு இதெல்லாம் செய்கிற அன்றைக்குப் பத்து ரூபாய் பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம். காய், சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய் வாரம் ஒரு தடவை. சேலத்தில் இருந்தால் சூரமங்கலமோ அம்மாபேட்டையோ, பக்கத்து உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதைவிடப் பார்த்து வாங்கப் பழகுவது முக்கியம். பருப்பில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் புதிதாகச் சமைப்பவர்கள் முதலில் தோற்பது அதில்தான். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் தேயுங்கள். மாவு அதிகமாக ஒட்டினால் பழைய சரக்கு, உள்ளே வண்டு ஓட்டை போட்டிருக்கலாம். ஓட்டை விழுந்த பருப்பு நாலைந்து கண்ணில் பட்டாலே அந்த மூட்டை வேண்டாம். பழைய பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கரையாது. குக்கரில் தப்பு, தண்ணீரில் தப்பு என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்கள். தப்பு பருப்பில் இருக்கும்.

வத்தலை எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிய வேண்டும், உள்ளே விதை கலகலக்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, எடையும் கூடும், சீக்கிரம் பூசணமும் பிடிக்கும். புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும். புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும், பழசாக ஆகக் கறுக்கும். பழசு கெட்டதல்ல, வத்தக்குழம்புக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ரசத்துக்குப் புதுசு நன்றாக இருக்கும். மிளகில் பப்பாளி விதை கலப்பது உண்டு. அது நீளவாக்கில் இருக்கும், கடித்தால் காரம் இருக்காது. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும், தோட்டக்காரர்களிடமே வாங்கிவிடலாம்.

வெல்லத்துக்குக் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் பேட்டையில் வெல்ல மண்டி இருக்கிறது, ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும். பளபளவென்று மஞ்சளாக இருப்பதைத்தான் எல்லாரும் கை நீட்டிக் கேட்கிறார்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ராஸ் என்ற வெளுப்பு உப்பைப் போடுகிறவர்கள் உண்டு. கரும்பழுப்பாக, பார்க்க அழகில்லாமல் இருப்பதை எடுங்கள். வாடையே வேறு மாதிரி இருக்கும்.

வைப்பதற்கு மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா போதும். உப்புக்கும் புளிக்கும் மட்டும் பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் பாட்டிலோ. எவர்சில்வரையும் உப்பு நாளாக ஆக அரித்துப் புள்ளி விழ வைக்கும். ரவையை வாங்கிய அன்றே வெறும் வடச்சட்டியில் சூடேற வறுத்து, நன்றாக ஆறியபின் அடைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து மறுபடி ஈரமாகும். பருப்பு டப்பாவில் இரண்டு வத்தல், அரிசியில் காய்ந்த வேப்பிலை. மலையில் இருப்பவர்கள் வெயில் அடிக்கிற நாளில் மல்லி, வத்தல் எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வெளியே வைத்து எடுங்கள்.

பாத்திரம் என்றால் 3 லிட்டர் குக்கர், இரும்பு வடச்சட்டி, தாளிப்புக் கரண்டி, அஞ்சறைப் பெட்டி, சின்ன மிக்சி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரம் எடுக்கும். மலையில் குக்கர் இல்லாமல் ஆகாது, அதிலும் ஒரு விசில் கூடுதலாக விட வேண்டும். தோசை மாவும் அந்தக் குளிரில் காலைக்குள் பொங்காது. சாயங்காலமே அரைத்து, அடுப்பு ஓரம் துணி சுற்றி வைத்தாள் என் மகள், மறுநாள் மதியம்தான் பொங்கியது.

முதல் வாரம் அரிசி பருப்பு சாதம் செய்யுங்கள், இந்தச் சீட்டுக்குள்ளேயே அடங்கும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்பு, இரண்டையும் கழுவி அரை மணி ஊற வையுங்கள். குக்கரில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், இரண்டு வத்தல், பத்துச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு வதக்கி, ஒரு தக்காளி, மஞ்சள் தூள், சாம்பார் தூள் ஒரு ஸ்பூன், பெருங்காயம் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசி பருப்பைச் சேர்த்து உப்புப் போட்டு மூடுங்கள். கீழே ஊரில் மூன்று விசில், மலையில் நாலு. தட்டில் போட்டு நல்லெண்ணெய் ஒரு சுற்று விடுங்கள்.

15 நாள் கழிந்ததும் எது தீர்ந்ததோ அதை மட்டும் அடுத்த சீட்டில் எழுதுங்கள். மகள் போனில் படித்த இரண்டாவது சீட்டில் ஒன்பது பொருள்தான் இருந்தது. முதல் வரி துவரம் பருப்பு, அரைக் கிலோ.